மலையகப் பொலிஸ் நிலையங்களுக்கு ஒருங்கிணைந்த மென்பொருள்: வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

பதிவு 1 | கொட்டகலையான்

வணக்கம். மென்பொருள் துறையில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பிறந்து வளர்ந்தது கொட்டகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். ஒரு பொலிஸ் நிலையத்தின் எல்லா வேலைகளையும் ஒரே கட்டமைப்புக்குள் கொண்டுவரும் மென்பொருளை எப்படி வடிவமைக்க வேண்டும் என்று நண்பர்கள் சிலருடன் ஓராண்டாக வரைந்தும் அழித்தும் வருகிறோம். இதைச் செய்யுமாறு எவரும் எங்களைக் கேட்கவில்லை. கேட்கும் நாளில் கையில் ஒரு நல்ல வரைவு இருக்க வேண்டும் என்பதே எண்ணம்.

119 அழைப்பு, முறைப்பாட்டுப் பதிவு, ரோந்து, காவலில் உள்ளோர் பதிவேடு, சான்றுப்பொருள் களஞ்சியம், வழக்குத் தவணைகள், போக்குவரத்துத் தண்டப்பணம் என்று சுற்றிலும் பெட்டிகளை வரைந்து, நடுவில் ஒரு தரவுத்தளத்தை வைப்பது யாருக்கும் கைவரும். அந்த நடுவில் எது இருக்கிறது என்பதில்தான் எங்களுக்குள் ஓராண்டுச் சண்டை. சிலர் வழக்கை வைக்கச் சொல்கிறார்கள். சிலர் ஆளை வைக்கச் சொல்கிறார்கள். முறைப்பாட்டாளர் சொன்ன வார்த்தைகளை, அவர் சொன்ன மொழியிலேயே, நடுவில் வைக்க வேண்டும் என்பது என் வாதம். அதற்குக் காரணம் எங்கள் வீட்டில் நடந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், தேயிலைக் கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வீடு திரும்பிய என் அத்தையின் சங்கிலியை, மடுவத்துக்குக் கீழே உள்ள படிக்கட்டில் ஒருவன் அறுத்துக்கொண்டு ஓடினான். நாங்கள் போன பொலிஸ் நிலையத்தில் தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் அன்று லீவில் இருந்தார். மேசையில் இருந்தவருக்குத் தமிழ் ஓரளவு விளங்கும். மரியாதையாகத்தான் நடந்துகொண்டார், அத்தைக்கு உட்காரக் கதிரை கொடுத்தார், சொன்னதைக் கேட்டுச் சிங்களத்தில் எழுதிக் கையொப்பம் வாங்கினார். மடுவம் என்றால் எங்களுக்குக் கொழுந்து நிறுக்கும் இடம், வேறொன்றும் இல்லை. ஆனால் அந்தச் சொல் சிங்களத்து 'மடுவ' என்பதிலிருந்து வந்தது. சிங்களத்தில் அது எந்தக் கொட்டகைக்கும் பொருந்தும். அவர் 'மடுவ' என்று எழுதினார். ஓராண்டுக்கும் மேல் கழித்து வழக்கு விளக்கத்துக்கு வந்தபோது, மொழிபெயர்ப்பாளர் அதைக் 'கொட்டகை' என்று தமிழில் சொன்னார். எந்தக் கொட்டகை, மாட்டுக் கொட்டகையா என்று எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கேட்டார். கொட்டகை என்று நான் சொல்லவே இல்லை என்றார் அத்தை. அது முரண்பாடாகக் குறிக்கப்பட்டது.

அந்த அறையில் இருந்த ஒருவரும் பொய் சொல்லவில்லை. எழுதியவர் தன் மொழியில் சரியாக எழுதினார், மொழிபெயர்த்தவர் தன் முன்னால் இருந்ததைச் சரியாக மொழிபெயர்த்தார், அத்தை நடந்ததைச் சொன்னார். மூலச் சொல் மட்டும் எங்கும் மிஞ்சவில்லை.

ஆகவே எங்கள் வரைவில் மூலப் பதிவு என்பது ஒருமுறை எழுதப்பட்டபின் எவராலும் மாற்ற முடியாதது. மொழிபெயர்ப்பு, குற்றவகைக் குறியீடு, சந்தேக நபர் விவரம், நீதிமன்ற அறிக்கை ஆகிய அனைத்தும் அதன்மேல் ஒட்டப்படும் அடுக்குகள். ஒவ்வோர் அடுக்கும் யார் எழுதியது, எப்போது எழுதியது, மூலத்தின் எந்த வாக்கியத்திலிருந்து வந்தது என்பதைச் சுமந்திருக்கும். இது நடைமுறையில் தாங்குமா என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதிவு 2 | பழைய ரிசேவ்

தம்பி, நான் 26 வருடம் பொலிஸில் இருந்து சார்ஜன்டாக ஓய்வு பெற்றவன். அதில் பாதிக்கும் மேல் மலைநாட்டு நிலையங்களில் ரிசேவ் மேசையில், அதாவது முறைப்பாடுகளை ஏற்கும் முன்மேசையில், கழிந்தது. நீங்கள் சொன்ன அத்தையைப் போன்றவர்களை எண்ணிக்கை தெரியாத அளவுக்குப் பார்த்திருக்கிறேன், ஆகவே உங்கள் நோக்கத்தோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் நீங்கள் மூலத்தைக் கணினியில் தேடுகிறீர்கள். அது இன்றைக்கும் புத்தகத்தில் இருக்கிறது.

தகவல் புத்தகத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் பக்க எண்ணும் பந்தி எண்ணும் உண்டு. நேரம் உண்டு. பிழை விட்டால் அழிக்க முடியாது, கோடு கீறிச் சுருக்கொப்பமிட்டு மேலே எழுத வேண்டும். வெளியே கடமைக்குப் போகிற ஒவ்வொருவரும் எத்தனை மணிக்கு, எந்த வாகனத்தில், எந்த ஆயுதத்துடன், எதற்காகப் போகிறார் என்று வெளிச்செல்லும் பதிவு போடுவார், திரும்பியதும் திரும்பிய பதிவு போடுவார். ஒரு வழக்கில் உத்தியோகத்தர் சாட்சி சொல்லும்போது முதலில் கேட்கப்படுவதே அந்தப் பதிவுகளைத்தான். உங்கள் மென்பொருளின் ரோந்துப் பகுதி, சான்றுப்பொருள் பகுதி, காவல் பகுதி எல்லாம் இந்தப் பந்தி எண்களால்தான் ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. ஒருங்கிணைப்பு என்று நீங்கள் சொல்வது காகிதத்தில் ஏற்கெனவே நடக்கிறது. மெதுவாக நடக்கிறது, தேட முடியாமல் நடக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரவு 2 மணிக்கு மின்சாரம் போய், மழை கொட்டி, மண்டை உடைந்த இருவரை அவரவர் ஆட்கள் தூக்கிக்கொண்டு வரும்போது மேசையில் இருப்பவர் ஒருவர் அல்லது இருவர். பேனா அப்போதும் எழுதும். உங்கள் திரை 12 பெட்டிகளை நிரப்பச் சொன்னால் அவர் ஒரு காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு விடிந்தபின் ஏற்றுவார். விடிந்தபின் ஏற்றுவது என்ற பழக்கம் வந்த அன்றே மென்பொருள் செத்துவிட்டது, ஏனென்றால் அதற்குப் பிறகு அதில் இருப்பது நடந்த நேரம் கிடையாது, யாரோ ஞாபகப்படுத்திக்கொண்ட நேரம். இரண்டாவது, தமிழில் அழகாகக் கையால் எழுதும் உத்தியோகத்தர்களுக்கும் தமிழில் தட்டச்சுப் பழக்கம் இல்லை. இந்த இரண்டுக்கும் விடை சொல்லுங்கள்.

பதிவு 3 | ஹட்டன் சட்டத்தரணி

சார்ஜன்ட் ஐயாவின் கேள்விகளுக்குப் பொறியியலாளர்கள் விடை சொல்லட்டும். சட்டத்தின் பக்கத்தை நான் வைக்கிறேன், ஏனெனில் தொடக்கப் பதிவில் சொல்லப்பட்ட மூலப் பதிவு என்ற எண்ணம் புதியதன்று, 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலேயே அது இருக்கிறது. 109ஆம் பிரிவின்படி வாய்மொழியாகத் தரப்படும் தகவல், தரப்பட்ட மொழியிலேயே எழுதப்பட்டு, தந்தவருக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும். அம்மொழியில் எழுத முடியாவிட்டால், அவரையே எழுதித் தருமாறு கேட்க வேண்டும். அவராலும் முடியாதபோதுதான், காரணத்தைக் குறித்துவிட்டு, வேறொரு தேசிய மொழியில் எழுதி, அவருக்கு விளங்கும் மொழியில் பொருள் சொல்ல வேண்டும். 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக 1999இல் வர்த்தமானியில் பிரகடனப்படுத்தப்பட்டன. உரிமை எழுத்தில் முழுமையாக இருக்கிறது. எழுதும் கைதான் இல்லை.

ஆகவே மென்பொருளில் ஒரு சிறு காரியம் செய்யுங்கள். முறைப்பாடு தமிழில் சொல்லப்பட்டு வேறு மொழியில் எழுதப்படுகிறது என்றால், காரணம் குறிக்கப்படாமல் அடுத்த திரைக்குப் போக முடியாதபடி வையுங்கள். சட்டம் ஏற்கெனவே கேட்பதையே கேட்கிறீர்கள், எந்த அதிகாரியும் இதைக் கூடுதல் சுமை என்று மறுக்க முடியாது. மாத முடிவில் எந்த நிலையத்தில் எத்தனை முறை அந்தக் காரணம் 'தமிழ் எழுதக்கூடியவர் கடமையில் இல்லை' என்று வந்திருக்கிறது என்பது தானாகத் தெரியும்.

அத்தையின் வழக்கில் நடந்தது ஏன் அவ்வளவு பாரதூரமானது என்பதையும் சொல்ல வேண்டும். புலனாய்வின்போது பொலிஸாருக்குக் கொடுத்த கூற்றை, 110ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவின்படி, சாட்சியின் பேச்சை உறுதிப்படுத்தப் பயன்படுத்த முடியாது. அவருடைய பேச்சுக்கு அது முரண் என்று காட்டுவதற்குப் பயன்படுத்தலாம். சரியாக எழுதப்பட்ட கூற்று சாட்சிக்குத் துணை நிற்பதில்லை, பிழையாக எழுதப்பட்டது அவரை வீழ்த்துகிறது. ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பு இங்கே அந்த அளவுக்குக் கனமானது.

கணினிப் பதிவை நீதிமன்றத்தில் முன்வைப்பது பற்றி: 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சான்று (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தையும், 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல்கள் சட்டத்தையும் வடிவமைப்பவர்கள் முழுமையாக வாசிக்க வேண்டும். முதலாவது சட்டத்தின்கீழ் கணினிச் சான்றைக் கொண்டுவருபவர், விசாரணைக்கு 45 நாட்களுக்கு முன்னரே அறிவித்தல் கொடுத்து, மறுதரப்பு அந்தக் கணினியைப் பார்வையிடவும் இடமளிக்க வேண்டும். எதை, எப்படிப் பார்வையிட விடுவது என்பது பின்னால் யோசிக்கும் விடயமாக இருக்கக்கூடாது.

பதிவு 4 | புசல்லாவை – மான்செஸ்டர்

நான் புசல்லாவையிலிருந்து வந்து இங்கிலாந்தின் மான்செஸ்டரில் வசிக்கிறேன். இந்நகரப் பொலிஸார் 2019 ஜூலையில் பழைய முறைமைகளை ஒதுக்கி ஒருங்கிணைந்த புதிய முறைமை ஒன்றுக்கு மாறினார்கள். ஒரு பாதி அழைப்புகளையும் வாகனங்களை அனுப்புவதையும் கவனிக்கும், மறுபாதி குற்றப் பதிவுகளையும் ஆட்களின் விவரங்களையும் வைத்திருக்கும். மாறிய பின் கோப்புகள் தேங்கின. பாதுகாப்புத் தேவைப்படும் பெண்களும் பிள்ளைகளும் தொடர்பான தகவல்கள் சேர வேண்டியவர்களிடம் நேரத்துக்குச் சேராத ஆபத்தை 2020இல் பொலிஸ் பரிசோதகத் திணைக்களத்தின் அறிக்கை சுட்டியது. 2021இல் பொறுப்பேற்ற புதிய தலைமை அதிகாரி, பதிவுகளுக்கான பாதியைத் திருத்தி எடுக்க முடியாது என்று வெளிப்படையாகவே சொல்லி, அதை மாற்றத் தீர்மானித்தார். அழைப்புப் பகுதி தாக்குப்பிடித்தது, பதிவுப் பகுதி விழுந்தது என்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. இன்னும் பெரிய பாடம். மெய்நிகர் வழக்குக் கோப்பு என்ற திட்டத்தின் தேவைகளை 800 பக்கத்துக்கும் மேல் எழுதி, நடுவில் மாற்றிக்கொண்டே இருந்து, ஒரே நாளில் எல்லாரையும் மாற்றுவது என்று தீர்மானித்து, சுமார் 17 கோடி டொலர் செலவான பின் 2005இல் கைவிட்டார்கள். அடுத்துத் தொடங்கிய சென்டினல் திட்டமும் தடுமாறியது. 2010இல் அதைத் தங்கள் கைக்கே எடுத்து, சிறு குழுவை வைத்துச் சிறு சிறு துண்டுகளாகச் செய்து 2012இல் முடித்தார்கள். இந்தியா 2009இல் 2,000 கோடி ரூபாவில் நாடளாவிய பொலிஸ் நிலைய வலையமைப்பைத் தொடங்கியதும் நீங்கள் அறிந்ததே.

ஆகவே தம்பி கொட்டகலையானிடம் என் வேண்டுகோள்: ஒரு நிலையம், ஒரு புத்தகம். தொலைந்த ஆவணங்களுக்கான முறைப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். அடையாள அட்டை தொலைந்தது, சேமிப்புப் புத்தகம் தொலைந்தது என்று வருபவர்களே ஏராளம். பிழை நேர்ந்தாலும் யாரும் சிறை போகமாட்டார்கள். அது பேனாவைவிட வேகமாக நடந்தால் சார்ஜன்ட் ஐயாவின் தோழர்களே அடுத்த புத்தகத்தையும் கேட்பார்கள்.

பதிவு 5 | பேராதனை மாணவி

ஐயாமார் அனைவருக்கும் வணக்கம். தரவு அறிவியல் படிக்கிறேன். ஒரே ஆளை ஒரே ஆள் என்று கணினி எப்படி அறியும் என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் மலையகத்தில் ஒருங்கிணைந்த முறைமை மிகப் பெரிய அநியாயத்தைச் செய்யக்கூடிய இடம் அது.

கந்தசாமி என்று எடுத்துக்கொள்ளுங்கள். தமிழில் ஒரே எழுத்துக்கோவை. சிங்களத்தில் க (ka), க³ (ga) இரண்டுக்கும் த (tha), த³ (dha) இரண்டுக்கும் தனித்தனி எழுத்து உண்டு. எழுதுபவரின் காதைப் பொறுத்து அது இரண்டு மூன்று விதமாக வரும். ஆங்கிலத்தில் நான்கு விதத்துக்குக் குறையாது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, தோட்டத்துப் பெயர்ப்பதிவில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று இருக்கும். தகப்பன் பெயரின் முதலெழுத்து தமிழில் 'மு', ஆங்கிலத்தில் 'எம்'. இதை எல்லாம் ஒலியை வைத்துப் பொருத்தும் நிரல் எழுதலாம், எழுதியும் பார்த்திருக்கிறேன். ஆனால் பொருத்தம் தளர்ந்தால் ஒரு கந்தசாமிக்கான பிடியாணையில் வேறொரு கந்தசாமி கைதாவார். ஆகவே கணினி 'இவராக இருக்கலாம்' என்று மட்டுமே சொல்ல வேண்டும். இரு பதிவுகளை இணைப்பது ஒரு மனிதரின் பெயரில் நடக்க வேண்டும், இணைத்ததைப் பிரிக்கவும் முடிய வேண்டும்.

அடையாள அட்டை இலக்கத்தை அடிப்படைத் திறவுகோலாக வைத்தால் தீருமே என்பார்கள். பழைய 9 இலக்க எண்ணைப் புதிய 12 இலக்கத்துக்கு மாற்றும் விதி எளிது: முன்னால் 19 சேர்த்து, தொடரெண்ணுக்கு முன் ஒரு சுழியம் இட்டு, கடைசி எழுத்தை நீக்க வேண்டும். ஆனால் பிள்ளைகளுக்கு அட்டை இல்லை. தோட்டங்களில் பிறப்புப் பதிவு இல்லாமல் அட்டையும் இல்லாமல் முதுமை அடைந்தவர்கள் இன்றும் உண்டு. எண் இல்லாதவரின் முறைப்பாட்டைத் திரை ஏற்க மறுத்தால், அவரைத் திருப்பி அனுப்பியது அந்தத் திரைதான். அந்தப் பெட்டி வெறுமையாக இருக்கலாம் என்பது முதல் நாளே எழுதப்பட வேண்டிய விதி.

எழுத்துக் குறியீட்டில் ஒரு சிறு விடயம். 'கொ' என்பதை ஒருங்குறியில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாக, அல்லது கொம்பு தனி, கால் தனியாக. கண்ணுக்கு இரண்டும் ஒன்று, தேடும் நிரலுக்கு இரண்டும் வேறு. உள்ளே வரும் அனைத்தையும் ஒரே வடிவுக்கு மாற்றாவிட்டால் கொட்டகலையில் நடந்த பாதிச் சம்பவங்கள் தேடலில் அகப்படாது. ஒருங்குறியில் அமையாத பாமினி எழுத்துருவில் இருக்கும் பழைய ஆவணங்களை ஏற்றும் முன் மாற்றியே ஆக வேண்டும். தமிழுக்கான இலங்கைத் தரம் 1326, 2008ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் விவாதமே வேண்டியதில்லை.

பதிவு 6 | லிந்துலை ஓய்வு ஆசிரியர்

பிள்ளை பெயரைப் பற்றி எழுதியதை வாசித்ததும் இடத்தைப் பற்றி எழுதத் தோன்றியது. 31 ஆண்டுகள் தோட்டப் பாடசாலைகளில் கற்பித்தவன். பிள்ளைகளின் வரவுப் பதிவேட்டில் முகவரி எழுதும்போதெல்லாம் நின்று யோசித்திருக்கிறேன்.

தோட்டத்துக்குக் கம்பனிப் பத்திரத்தில் ஆங்கிலப் பெயர் ஒன்று. சனங்கள் வழங்குவது வேறொரு தமிழ்ப் பெயர். இரண்டுக்கும் ஒலியில் எந்த உறவும் இல்லாதவை பல. அதே தமிழ்ப் பெயர் பக்கத்துப் பள்ளத்தாக்கில் இன்னொரு தோட்டத்துக்கும் இருக்கும். தோட்டத்துக்குள் மேற்கணக்கு, நடுக்கணக்கு, பணியக்கணக்கு என்று பிரிவுகள். கணக்குக்குள் வரிசை வீடுகளான லயங்கள், லயத்துக்குள் ஒவ்வொரு குடும்பமும் இருக்கும் அறைகளான காம்பராக்கள். தேயிலைக்குள் நடந்தது என்றால் நம்பர் மலை: 'ஏழாம் நம்பர் மலையில்' என்றால் கங்காணிக்கும் கொழுந்தெடுப்பவர்களுக்கும் அங்குலம் பிசகாமல் தெரியும், வரைபடத்தில் தேடினால் ஒன்றும் இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து அங்கிருந்து கை மாறும். இப்போது 119ஐ எடுத்து ஒரு பெண் 'பணியக்கணக்கு, பிள்ளைக்காம்பராவுக்கு (பிள்ளைகள் காப்பகத்துக்கு) மேல் லயம்' என்று அழுதுகொண்டு சொன்னால், அழைப்பை எடுப்பவர் எந்தப் பெட்டியில் எதை எழுதுவார்?

தூரத்தையும் கவனிக்க வேண்டும். கணினி வானத்தில் கோடு இழுத்து அருகிலுள்ள வாகனத்தைத் தேடும். எங்கள் ஆற்றுக்கு அக்கரைத் தோட்டம் கண்ணுக்கு எதிரே தெரியும், கூப்பிட்டால் கேட்கும். ஜீப் போவதற்கு நகரத்துக்கு இறங்கிப் பாலம் கடந்து மறுபடி ஏற வேண்டும். குறுக்குப் பாதையில் ஆள் நடந்தால் அரை மணி நேரம். மழையில் அந்தப் பாதையும் இல்லை. ஒவ்வோர் இடத்துக்கும் எந்த வாகனம் எதுவரை போகும், அதற்குமேல் எவ்வளவு நடை என்பது எழுதப்பட வேண்டும்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, காணாமற்போனவர்கள் எத்தனை பேர் என்ற எண் நாட்கணக்கில் மாறிக்கொண்டே இருந்தது. மண்ணுக்கடியில் யாரைத் தேடுவது என்பதற்கு, எந்தக் காம்பராவில் யார் இருந்தார்கள் என்பது தெரிய வேண்டும். அன்று உறவினர்களின் வாய் வழியாகத்தான் பட்டியல் தேறியது. குடியிருப்போர் விவரம் முழுவதையும் பொலிஸார் வைத்திருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. லயங்களின் பெயரும் இடமும் காம்பரா எண்ணிக்கையுமாவது ஒரே பட்டியலில், பொலிஸார், 1990 அம்புலன்ஸ், அனர்த்த முகாமைத்துவ நிலையம் மூன்றும் பார்க்கும்படி இருக்கட்டும்.

பதிவு 7 | பசறைக்காரி

குடியிருப்போர் விவரத்தைப் பொலிஸார் வைத்திருப்பது பற்றி ஆசிரியர் சேர் கடைசியில் ஒரு வாக்கியத்தில் தொட்டுவிட்டுப் போன இடத்தில்தான் என் பயம் முழுவதும் இருக்கிறது. வீட்டு வன்முறைக்கு ஆளான பெண்களோடு பொலிஸ் நிலையத்துக்குத் துணையாகப் போவது என் வேலை. தோட்டத்தில் எல்லாருக்கும் எல்லாரும் உறவு. ஒரு பெண் கணவன்மீது முறைப்பாடு கொடுத்துவிட்டு பஸ் ஏறி வீட்டுக்கு வந்து சேரும் முன்னே, அவள் என்ன சொன்னாள் என்பது இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு அது ஒரு நிலையத்தில் ஒரு புத்தகத்தில் பூட்டி இருக்கும்போதே நடக்கிறது. நீங்கள் அதை ஒரு மாகாணத்தின் எல்லா நிலையங்களிலும் பெயர் தட்டினால் வரும்படி ஆக்கப்போகிறீர்கள்.

அதனால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வரும் முறைப்பாடுகளும், பிள்ளைகள் தொடர்பானவையும், அதைக் கையாளும் உத்தியோகத்தருக்கும் அவருடைய நேரடி மேலதிகாரிக்கும் மட்டுமே திறக்க வேண்டும். வேறு எவர் திறந்தாலும் காரணம் எழுதித் திறக்க வேண்டும். யார் திறந்தார் என்பதை அந்த நிலையத்துக்கு வெளியே இருக்கும் ஒருவர் வாராவாரம் பார்க்க வேண்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் குற்றப் புலனாய்வுக்கு விலக்குகளுக்கு இடம் தருகிறது, ஆனால் அவை சட்டத்தால் வகுக்கப்பட்டும் தேவைக்கு அளவாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த அளவை மென்பொருள்தான் காட்ட முடியும்.

இரண்டாவது விடயம், எழுதப்படாத முறைப்பாடு. 'குடும்பச் சண்டை, சமாதானமாகப் போங்கள்' என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்ட பெண்ணைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. மூலப் பதிவை எவ்வளவு பாதுகாத்தாலும், பதிவே இல்லாதவளை அது எப்படிக் காக்கும்? வாசலில் நுழைந்தவுடன், யாரும் எதையும் தீர்மானிக்கும் முன்னரே, ஓர் எண்ணும் நேரமும் அச்சிட்ட துண்டு அவள் கையில் வர வேண்டும்.

பதிவு 8 | பழைய ரிசேவ்

தங்கச்சி, சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் நிலையத்துக்கு வருகிறவர்களில் முறைப்பாட்டுக்கு வருபவர் ஒரு பங்குதான். ஒலிபெருக்கி அனுமதிக்கு வருவார்கள், பிணையில் கையொப்பமிட வருவார்கள், வழி கேட்க வருவார்கள். எல்லாருக்கும் எண் கொடுத்து, எண்ணுக்கு ஏன் பதிவு இல்லை என்று மேலிடம் கேட்டால், மேசையில் இருப்பவர் ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதியே அழிந்துபோவார். அப்போது அவர் செய்யப்போவது என்ன தெரியுமா? வாசலிலேயே ஒரு ஆளை நிறுத்தி, துண்டு வாங்கும் முன்னே திருப்பி அனுப்புவார்.

பதிவு 9 | பசறைக்காரி

ஐயா, அது நடக்கும் என்பதை ஏற்கிறேன். அப்படியானால் துண்டில் எண்ணும் நேரமும் வந்த காரணத்துக்கு நான்கு படங்களில் ஒன்றும் மட்டும் இருக்கட்டும். அந்தப் படத்தை வருபவரே தொட்டுத் தெரிவு செய்யட்டும். முறைப்பாடு என்று தொட்டவர்களின் எண்ணுக்கு மட்டும் கேள்வி வரட்டும். வாசலில் ஆளை நிறுத்தினால் எண்ணிக்கை சட்டென்று விழும். அந்த வீழ்ச்சியும் ஒரு தகவல்தான்.

பதிவு 10 | பழைய ரிசேவ்

படம் தொடுவது சரி. அதை ஒத்துக்கொள்கிறேன்.

பதிவு 11 | கொட்டகலையான்

நான்கு நாட்களாக ஒவ்வொரு பதிவையும் இரண்டு தடவை வாசித்தேன். வரைவில் மாற்றியவற்றைச் சொல்கிறேன், பிழை இருந்தால் திருத்துங்கள்.

சார்ஜன்ட் ஐயாவின் இரவு 2 மணிக்கு விடை: முதல் திரையில் ஒரே ஒரு பெட்டி. அதில் ஒரு வரி தட்டினாலும் போதும். கையால் எழுதிய தாளைப் படம் பிடித்தாலும் போதும். நேரமும் பந்தி எண்ணும் அந்தக் கணத்திலேயே விழுந்துவிடும், மற்ற விவரங்களைப் பிறகு அடுக்குகளாகச் சேர்க்கலாம். தமிழில் தட்டச்சுத் தெரியாத உத்தியோகத்தர் தமிழில் கையால் எழுதிய பக்கமே மூலப் பதிவாக நிற்கும். தட்டச்சு செய்தது அதற்கு ஓர் அடுக்கு. இதை ஓராண்டாக எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, ஏனெனில் எங்களுக்குக் கை எழுத்து என்றால் ஏற்றிவிட்டு எறிய வேண்டிய ஒன்று.

ஒவ்வொரு நிலையத்திலும் மின்கலத்தோடு கூடிய சிறு சேவையகம் இருக்கும். மலைகளுக்கிடையில் வலையமைப்புப் போய்ப் போய் வரும், அதை விதிவிலக்காகக் கொள்ளாமல் வழமையாகக் கொண்டே எழுதுகிறோம். பந்தி எண் அந்த நிலையத்துக்கே உரியது, ஆகவே தொடர்பு இல்லாதபோதும் எண் இட முடியும். தொடர்பு வந்ததும் மேலே போகும். எதுவும் திருத்தப்படாமல் சேர்க்க மட்டுமே படுவதால் இரண்டு பிரதிகளுக்கிடையே மோதல் வருவதில்லை. ஒவ்வொரு பதிவும் தனக்கு முந்திய பதிவின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சுருக்கக் குறியைச் சுமக்கும், நடுவில் ஒன்றை உருவினால் சங்கிலி அறுந்தது தெரியும். கோடு கீறிச் சுருக்கொப்பமிடும் முறையின் கணினி வடிவம் என்று இதை இப்போது விளக்குகிறேன்; உடனே புரிகிறது.

2023 மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான அரச மின்னஞ்சல்கள் தாக்குதல் ஒன்றில் மீட்க முடியாமல் அழிந்ததை அனைவரும் அறிவோம். அந்தக் காலத்துக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு நாள் நள்ளிரவும் அன்றைய பக்கங்கள் அச்சாகிப் புத்தகமாகக் கட்டப்படும். நீதிமன்றம் எதிர்காலத்தில் எதை ஏற்றாலும், கையில் பிடிக்க ஒன்று இருக்கும்.

கைதானவரை நீதவான் முன் நிறுத்துவதற்கான 24 மணி நேரம், பயண நேரம் நீங்கலாக, கைது செய்த நிமிடத்திலிருந்து ஓடும். 18ஆவது மணியில் பொறுப்பதிகாரிக்கு அறிவிக்கும். தமிழ் எழுதக்கூடியவர் இல்லாதபோது அயல் நிலையத்தில் கடமையிலுள்ள தமிழ் உத்தியோகத்தரைக் காணொளியில் அழைத்து, அவர் எழுதி வாசித்துக் காட்டலாமா என்று யோசிக்கிறோம். அது சட்டத்துக்கு அடங்குமா என்பதைச் சட்டத்தரணி அவர்கள்தான் சொல்ல வேண்டும். முறைப்பாட்டாளரின் குரலைப் பதிவு செய்வது பற்றி எங்களுக்குள் உடன்பாடு இல்லை. குரல் இருந்திருந்தால் அத்தையின் மடுவம் பிழைத்திருக்கும். ஆனால் பசறைச் சகோதரி சொன்னபின், ஒரு பெண்ணின் அழுகைக் குரல் கைபேசிக்குக் கைபேசி போகக்கூடும் என்பதையும் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

பதிவு 12 | ஹட்டன் சட்டத்தரணி

காணொளி வழியாக எழுதும் உத்தியோகத்தரும் பொலிஸ் உத்தியோகத்தரே. அவர் எழுதி, வாசித்துக் காட்டி, இரு முனையிலும் ஒப்பமிடப்பட்டால் 109ஆம் பிரிவின் நோக்கம் நிறைவேறுகிறது என்று வாதிடுவேன். எதிராகவும் வாதிட இடம் உண்டு. பொலிஸ் மா அதிபரின் சுற்றறிக்கை ஒன்று இல்லாமல் எந்த நிலையமும் இதைத் தொடங்கக்கூடாது. குரலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

பதிவு 13 | லிந்துலை ஓய்வு ஆசிரியர்

இடப்பெயர்ப் பட்டியலைத் தொடங்கிவிட்டோம். என் பழைய மாணவர்கள் ஆறு பேர், ஆளுக்கொரு தோட்டமாக, கைபேசியோடு நடக்கிறார்கள். தோட்டப் பெயர் மூன்று மொழியில், சனங்கள் சொல்லும் பெயர், கணக்கு, லய இலக்கம், மடுவம், பிள்ளைக்காம்பரா, ஸ்டோர், கோயில், வாகனம் நிற்கும் கடைசி இடம். முதல் தோட்டத்திலேயே ஒரு சிக்கல் வந்தது. நடுக்கணக்கில் இரண்டு மடுவம் காட்டுகிறார்கள். ஒன்று இப்போது கொழுந்து நிறுப்பது. மற்றது இருபது வருடத்துக்கு முன் இடித்த இடம், அத்திவாரக் கல்லும் இல்லை, வாகை மரம் ஒன்றுதான் நிற்கிறது. ஆனால் வயதானவர்கள் அதையே மடுவம் என்கிறார்கள். இடித்ததைப் பட்டியலில் சேர்ப்பதா?

பதிவு 14 | கொட்டகலையான்

சேருங்கள் சேர். இரண்டையும் தனித்தனிப் புள்ளியாகப் போட்டு, எந்த வயதினர் எதைச் சொல்கிறார்கள் என்றும் குறித்துவிடுங்கள். நேற்று இரவு அத்தையிடம் கேட்டேன், அவர் சொன்னது பழைய மடுவத்தை.